முன்பள்ளிப் பெண் ஆசிரியர்கள்: இலங்கையையும் இந்தியாவையும் ஒப்பிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் சனி, ஞாயிறுகளில் நடக்கும் முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா வகுப்பில் நான் ஒரு பாடம் எடுக்கிறேன். அதன் கடைசி ஒப்படை இதுதான்: "இரண்டு நாடுகளின் முன்பள்ளிப் பெண் ஆசிரியர் எண்ணிக்கையை ஒப்பிட்டு எழுதுக." பூநகரியிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இலங்கையையும் இந்தியாவையும் எடுக்கிறார்கள். அவர்களில் சிலர் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்து வளர்ந்து ஊர் திரும்பியவர்கள்; அங்கன்வாடி என்னும் அரசுச் சிறுவர் நிலையத்தில் சுண்டல் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள். வேறு சிலருக்கு இந்தியாவைப் பற்றித் தமிழில் வாசிக்க முடிகிறது என்பதே காரணம். ஒவ்வொரு அணியும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

"பெண் ஆசிரியர் எண்ணிக்கை" என்று ஓர் அட்டவணை, "பெண் ஆசிரியர் வீதம்" என்று இன்னோர் அட்டவணை. எதை எடுப்பது?

இரண்டையும் எடுங்கள். ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்கான விடை என்று நினைக்காதீர்கள்.

எண்ணிக்கையை மட்டும் எடுத்தால் நாட்டின் பருமனைத்தான் ஒப்பிடுவீர்கள். இந்தியாவின் சனத்தொகை 140 கோடிக்கு மேல். இலங்கையினது 2024 குடிசன மதிப்பீட்டின்படி 2 கோடி 17 இலட்சத்தைத் தாண்டுகிறது. இந்தியாவில் பெண் ஆசிரியர்கள் அதிகம் என்று எழுதுவது, இரணைமடுக் குளத்தில் கிணற்றைவிடத் தண்ணீர் அதிகம் என்று எழுதுவதைப் போன்றது. பிழையில்லை, எழுத வேண்டிய தேவையுமில்லை.

வீதத்தை மட்டும் எடுத்தால் வேறு சிக்கல். உலகம் முழுவதிலும் முன்பள்ளி ஆசிரியர்களில் 90 வீதத்துக்கு மேல் பெண்கள். இலங்கையிலும் இந்தியாவின் அங்கன்வாடிகளிலும் அது நூறை ஒட்டியே நிற்கிறது. 99 ஐயும் 98 ஐயும் பக்கத்தில் வைத்து நான்கு பக்கம் எழுத முடியாது. எழுத முயன்றவர்களின் ஒப்படைகளை நான் திருத்தியிருக்கிறேன்.

மூன்றாவதாக ஒன்றைக் கணக்குப் பார்க்க வேண்டும்: அந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு ஓர் ஆசிரியர். அதற்குக் கீழே வருகிறேன்.

இந்த எண்களை யார் திரட்டுகிறார்கள்?

கனடாவின் மொன்றியல் நகரில் யுனெஸ்கோவின் புள்ளிவிபர நிறுவனம் இருக்கிறது. 1999 இல் தொடங்கப்பட்டது. அது ஒவ்வொரு நாட்டுக்கும் வினாக்கொத்து அனுப்பும். அந்தந்த நாட்டு அரசு நிரப்பி அனுப்பும். உலக வங்கியின் இணையத்தளத்தில் நீங்கள் பார்ப்பதும் பெரும்பாலும் அதே எண்கள்தான். ஆகவே "யுனெஸ்கோவும் சொல்கிறது, உலக வங்கியும் சொல்கிறது" என்று இரண்டு சாட்சிகளாக எழுத வேண்டாம். சாட்சி ஒன்றுதான்; அதுவும் அரசு நிரப்பிய படிவம்.

முன்பள்ளி என்றால் இரண்டு நாட்டிலும் ஒன்றுதானே?

இல்லை. இலங்கையில் சனவரி 31 அன்று ஐந்து வயது நிறைந்த பிள்ளை தரம் 1 க்குப் போகிறது. இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கை முதலாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. மூன்று முதல் ஆறு வரை முன்பள்ளிக் காலம். அங்கே மூன்று ஆண்டு, இங்கே இரண்டு ஆண்டு. ஓர் ஆண்டுப் பிள்ளைகள் கூடுதலாக இருந்தால் ஆசிரியர்களும் கூடுதலாகத்தான் தேவைப்படுவார்கள்.

சர்வதேசக் கல்வி வகைப்படுத்தலில் இது "நிலை 0" எனப்படும். 2011 இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள்: மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கானது ஒன்று, மூன்று வயதிலிருந்து பாடசாலை சேரும்வரை மற்றது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவரையும் சேர்த்துவிட்டால் கணக்கு குழம்பிப்போகும்.

இந்தியாவில் யாரை முன்பள்ளி ஆசிரியர் என்று எண்ணுகிறார்கள்?

ஒப்படையில் பாதிப்பேர் சறுக்கும் இடம் இது.

இந்தியாவில் சிறு பிள்ளைகள் மூன்று வகையான கூரைகளின் கீழ் இருக்கிறார்கள். முதலாவது அங்கன்வாடி. 1975 ஒக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருவது. இன்று ஏறக்குறைய 14 இலட்சம் நிலையங்கள். இது கல்வி அமைச்சின் கீழ் இல்லை. பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சின் கீழ் இருக்கிறது. இரண்டாவது, பாடசாலையோடு ஒட்டிய எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள்; அவை கல்வி அமைச்சின் பாடசாலைக் கணக்கெடுப்பில் வரும். மூன்றாவது, தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் தனியார் மழலையர் பள்ளிகள். தனித்து இயங்கும் பல பள்ளிகள் இந்த இரண்டு கணக்கிலும் சேர்வதில்லை.

இனி அங்கன்வாடி ஊழியரைப் பாருங்கள். காலையில் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவரும் அவர்தான். நிறை பார்த்து எழுதுகிறவர், சத்துமாவு கொடுக்கிறவர், கர்ப்பிணித் தாயைத் தேடிப் போகிறவர், கைத்தொலைபேசியில் ஊட்டச்சத்துப் பதிவேடு நிரப்புகிறவரும் அவர்தான். அவர் ஆசிரியரா? ஆம் என்றால் இந்தியாவின் பெண் ஆசிரியர் எண்ணிக்கையில் பத்து இலட்சத்துக்கு மேல் ஒரே நாளில் ஏறும். இல்லை என்றால் அதே அளவு இறங்கும். எண் மாறும், ஒரு வகுப்பறையில்கூட எதுவும் மாறியிராது. இந்திய வரிசையில் ஓர் ஆண்டு திடீரென்று மலையைக் கண்டால், ஆசிரியர்கள் பெருகினார்களா, வரைவிலக்கணம் மாறியதா என்று முதலில் பாருங்கள்.

இலங்கையில் அப்படிக் குழப்பம் இல்லையே?

இருக்கிறது. நாம் அதற்குள்ளேயே இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

1987 இன் அரசியலமைப்பு 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு முன்பள்ளிகளை மேற்பார்வை செய்வது மாகாணத்தின் வேலை. மத்தியில் சிறுவர் செயலகம் ஒன்று உண்டு. அது கல்வி அமைச்சில் இல்லை. கல்வி அமைச்சு ஆண்டுதோறும் நடத்தும் பாடசாலைக் கணக்கெடுப்பில் முன்பள்ளி வருவதில்லை. முன்பள்ளியை நடத்துவது யார் என்றால், தனியார், தேவாலயம், கோயில், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், பிரதேச சபை என்று ஊருக்கு ஒரு பதில்.

வன்னியில் இன்னும் ஒரு சுற்று கூடும். 2009 க்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் முன்பள்ளி ஆசிரியர்கள் பலரைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் எடுத்தது. அது பாதுகாப்பு அமைச்சின் கீழ் உள்ள திணைக்களம். மாகாணக் கொடுப்பனவை நம்பி இருந்தவருக்கும் அந்தத் திணைக்களத்தில் சம்பளம் பெற்றவருக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம். ஒரே வீதியில் இரண்டு முன்பள்ளி, ஒரே பாட்டு, ஒரே களிமண் பொம்மை. ஒருவர் மாகாணத்தின் பட்டியலில் இருக்கிறார், மற்றவர் நாட்டின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறார். சின்னப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கும் வேலை ஏன் அங்கே போனது என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருந்து வேலைக்குப் போன பெண்ணிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்பது எனக்குச் சரியாகப் படுவதில்லை.

உங்கள் ஒப்படைக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது: "மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கணக்கு" என்று மட்டும் போனால் வன்னியில் ஒரு பெரிய துண்டு விடுபட்டுவிடும்.

சரி, எண்களைத் தாருங்கள்.

தருகிறேன். அதன் பின்னால் வரும் பந்தியையும் வாசிப்பதாக இருந்தால்.

இலங்கையில் 2016 இல் நாடளாவிய ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அதில் முன்பிள்ளைப் பருவ நிலையங்கள் ஏறக்குறைய 17,000. ஆசிரியர்கள் 30 ஆயிரத்தை ஒட்டி. அவர்களில் ஆண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தியாவில் அங்கன்வாடி நிலையங்கள் ஏறக்குறைய 14 இலட்சம். நிலையத்துக்கு ஓர் ஊழியர், பெரும்பாலும் ஓர் உதவியாளர். ஊழியரை மட்டும் எடுத்தால் 14 இலட்சத்துக்குச் சற்றுக் குறைய.

பிள்ளைகள் எத்தனை? ஆண்டுப் பிறப்பைப் பாருங்கள். இலங்கையில் 2023 இல் இரண்டரை இலட்சத்தை ஒட்டி. ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வருகிறது. இந்தியாவில் ஏறக்குறைய 2 கோடி 30 இலட்சம். பிறப்பில் இந்தியா 90 மடங்கு. நிலையங்களில் 80 மடங்குக்குச் சற்று மேல். ஊழியர்களில் 47 மடங்குதான்.

இதைக் கண்டதும் கடந்த அணியில் ஒருவர், "இந்தியாவில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் ஆசிரியர் இலங்கையில் கிடைப்பதில் பாதிதான்" என்று தடித்த எழுத்தில் எழுதினார். கெட்டிக்காரி, வகுத்தலில் பிழையில்லை. ஆனால் இலங்கையின் 30 ஆயிரத்துக்குள் தனியார் முன்பள்ளி ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இந்தியாவின் 14 இலட்சத்துக்குள் ஒரு தனியார் ஆசிரியரும் இல்லை. ஒரு பக்கம் முழுச் சந்தை, மற்றப் பக்கம் கூட்டுறவுக் கடை மட்டும். ஆண்டும் ஒத்துவரவில்லை. அவர் எழுதியதை வெட்டவில்லை, பக்கத்தில் "எந்த நிலையங்களில்?" என்று மட்டும் குறித்தேன்.

அங்கன்வாடியில் 100 வீதம் பெண்கள், நம் முன்பள்ளிகளில் 99 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாடும் ஒன்றுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த ஒப்படையையே விடாமல் வைத்திருக்கிறேன்.

அங்கன்வாடி ஊழியர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், அந்த ஊர்க்காரியாகவும் இருக்க வேண்டும் என்பது நியமன விதி. ஆண் விண்ணப்பிக்கவே முடியாது. ஆகவே அந்த 100 வீதம் கண்டுபிடிப்பு அல்ல. படிவத்தின் முதல் வரியிலேயே போட்ட நிபந்தனை.

இலங்கையில் அப்படி விதியில்லை. ஆண் வரலாம். நான்கு ஆண்டுகளுக்கு முன் துணுக்காய்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி இதே வகுப்பில் சேர்ந்தார். இருபத்திரண்டு வயது. கடதாசியில் கொக்கு மடித்துக் கையில் கொடுத்தால் அழுகிற பிள்ளையும் வாயை மூடும். பயிற்சிக்காக ஒரு முன்பள்ளிக்கு அனுப்பினோம். முதல் நாள் பெற்றோர் கொஞ்சம் தயங்கினார்கள். இரண்டாவது வாரம் பிள்ளைகள் அவருடைய சைக்கிள் மணிக்கு ஓடி வந்தார்கள். "ரீச்சர்" என்றே அவரையும் கூப்பிட்டார்கள். அவரும் "என்ன ராசா" என்றே திரும்பினார். ஐந்தாம் மாதம் வகுப்புக்கு வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன். மேசன் வேலைக்குப் போய்விட்டார். அங்கே நாலைந்து நாள் கூலி, முன்பள்ளியில் ஒரு மாதக் கொடுப்பனவை எட்டிவிடுகிறது. வீட்டில் தங்கையின் படிப்பு இருக்கிறது என்றார். நான் என்ன சொல்ல?

அங்கே ஆணை விதி தடுக்கிறது, இங்கே கொடுப்பனவு தடுக்கிறது. அட்டவணையில் இரண்டும் நூறை ஒட்டிய ஒரே எண்ணாக உட்கார்ந்திருக்கும்.

பெண்கள் அதிகம் இருப்பதால் சம்பளம் குறைவா, சம்பளம் குறைவாக இருப்பதால் பெண்கள் அதிகமா?

இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதைவிட, இரண்டு நாட்டிலும் பயன்படுத்தும் சொல்லைக் கவனியுங்கள்.

இந்தியாவில் அங்கன்வாடி ஊழியருக்குக் கொடுப்பது மதிப்பூதியம். 2018 ஒக்டோபரிலிருந்து மத்திய அரசு நிர்ணயித்த தொகை மாதம் 4,500 இந்திய ரூபாய்; உதவியாளருக்கு 2,250. அதற்கு மேல் மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. தமிழ்நாடு தனியாகச் சிறப்புக் காலமுறை ஊதியம் வழங்குகிறது. இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2006 இல் ஒரு வழக்கில் சொன்னது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம், பணிக்கொடை பெற இவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. பதினாறு ஆண்டுகளில் ஒரு படி.

இலங்கையில் நாம் வாங்குவது கொடுப்பனவு. சம்பளம் என்று யாரும் சொல்வதில்லை. சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதி வரும், விடுமுறை வரும், ஓய்வூதியக் கேள்வி வரும். மீதியைப் பெற்றோரிடம் மாதாந்தம் வாங்கிக்கொள் என்கிறார்கள். நெல் அறுவடைக்கு முந்திய மாதங்களில் எங்கள் ஊர்களில் யார் தருவார்கள்? ஒரு தாய் பயற்றங்காய்க் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "ரீச்சர், காசு அடுத்த மாதம்" என்பார். நான் படிப்பித்த காலத்தில் ஒரு தவணை முழுவதும் பயற்றங்காய்க் கறிதான்.

மதிப்பூதியம், கொடுப்பனவு என்ற இரண்டு சொற்களையும் உங்கள் ஒப்படையில் ஒரே பக்கத்தில் வையுங்கள். எண் அட்டவணையைவிட அது அதிகம் பேசும்.

ஆண்கள் வரும் நாடு எங்காவது உண்டா?

நோர்வேயைப் பார்க்கலாம். வன்னியிலிருந்து போன குடும்பங்கள் அங்கே நிறைய. முன்பள்ளி ஆசிரியருக்கு அங்கே மூன்றாண்டுப் பட்டப்படிப்பு, வாழக்கூடிய சம்பளம். ஊழியரில் 20 வீதம் ஆண்கள் இருக்க வேண்டும் என்று 1990 களிலிருந்தே இலக்கு வைத்திருக்கிறார்கள். இன்றும் பத்தில் ஒருவர் என்ற அளவுதான். ஆகவே காசைக் கூட்டினால் ஆண்கள் வரிசையில் நிற்பார்கள் என்று மேலே நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னப் பிள்ளை என்றால் பெண் வேலை என்ற எண்ணம் பணக்கார நாட்டிலும் அசைய மறுக்கிறது.

பாடசாலையோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உலக அளவில் முன்பள்ளியில் 90 வீதத்துக்கு மேல் இருக்கும் பெண்கள், ஆரம்பப் பாடசாலையில் மூன்றில் இரண்டு, இடைநிலையில் பாதிக்குச் சற்று மேல், பல்கலைக்கழகத்தில் பாதிக்கும் கீழ். பிள்ளை வளர வளர, சம்பளமும் வளர வளர, பெண்கள் குறைகிறார்கள்.

வன்னிக்கு மட்டும் பழைய எண்கள் கிடைக்குமா? போருக்கு முன்னும் பின்னும் ஒப்பிட விரும்புகிறேன்.

நல்ல ஆசை. ஆனால் முதலில் பிள்ளைகளின் தொகையே கிடைக்காது. 1981 க்குப் பிறகு முழு நாட்டையும் எண்ணிய குடிசன மதிப்பீடு 2012 இல்தான் நடந்தது. 2001 இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக எண்ணினார்கள். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதற்கு வெளியே. 1981 இலோ கிளிநொச்சி என்றொரு மாவட்டமே இல்லை. 1984 இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. ஆகவே வகுக்கும் எண் இல்லாமல் வீதம் எடுக்கப் போகிறீர்கள்.

அட்டவணையில் இரண்டு புள்ளி வைத்திருந்தால் அது பூச்சியம் அல்ல. தரவு இல்லை என்று பொருள். ஒரு பெண் அதைப் பூச்சியம் என்று எடுத்து, அந்த ஆண்டுகளில் ஆசிரியரே இருக்கவில்லை என்று எழுதியிருந்தார். அந்த ஆண்டுகளில் நான் மரத்தின் கீழ் முப்பத்தியொரு பிள்ளைகளோடு இருந்தேன். பதுங்குகுழிக்குள் எப்படி வரிசையாக இறங்குவது என்பதும் அன்றைய பாடத்திட்டம்.

எங்கள் முன்பள்ளியில் ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர். கணக்கெடுப்புப் படிவத்தில் "பெண் ஆசிரியர்: 2" என்று எழுதலாமா?

உங்களுடைய ஒரு படிவம் உலகக் கணக்கை என்ன செய்துவிடும் என்று சிரிக்காதீர்கள். மேலே சொன்ன 30 ஆயிரமும் இப்படி மேசையில் நிரப்பியதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முன்பள்ளியில் படிவம் நிரப்பும்போது பக்கத்தில் இருந்தேன். ஆண் என்ற கட்டத்தில் ஆசிரியை யோசிக்காமல் பூச்சியம் போட்டார். பெண் என்ற கட்டத்தில் பேனா நின்றது. உதவியாளர் அப்போது வெளியே குழாயடியில் ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தார். பதினொரு ஆண்டு வேலை, டிப்ளோமா இல்லை. ஆசிரியை காய்ச்சலில் கிடந்த இரண்டு கிழமையும் முழு வகுப்பையும் பார்த்தவர் அவர்தான். "இரண்டு என்று போட்டால் கொடுப்பனவு கேட்பார்கள், சான்றிதழ் எங்கே என்பார்கள். ஒன்று என்று போட்டால் அவவுக்கு மனம் நோகும்" என்றார் ஆசிரியை.

படிவத்தின் பின்பக்கத்தில் பெரும்பாலும் வரைவிலக்கணம் இருக்கும். யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பயிற்சி பெற்றவர், பயிற்சி பெறாதவர், உதவியாளர் என்று தனித்தனிக் கட்டம் இருந்தால் அதற்குள் எழுதுங்கள். கட்டம் இல்லையென்றால் "1" என்று எழுதி, குறிப்பு என்ற இடத்தில் "உதவியாளர் ஒருவர், பெண், 11 ஆண்டு" என்று சேர்த்துவிடுங்கள். அன்று அந்த ஆசிரியையும் அப்படித்தான் எழுதினார். எழுதிவிட்டு உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து வாசித்துவிட்டு, "பன்னிரண்டு, ரீச்சர். வைகாசியோடு பன்னிரண்டு" என்றார். வெட்டித் திருத்தினோம்.